ஒரு காம்புக்கு ஒரு பூ

விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரத்தில், பல் தேய்ப்பதற்கும் முன்னால், அவர் பின்கதவைத் திறப்பார். தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிறகு இழுத்தால் சத்தம் வராது. வெறுங்காலோடு போய்ச் செடியருகே குந்திக்கொள்வார். நுனியில் தொடங்கி, கண் தெரியாதவர் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு கிளையாக விரல்களைக் கீழே நடத்துவார். மிளகு அளவில் ஒரு பச்சை உருண்டை தட்டுப்பட்டால் கட்டைவிரல் நகத்தைக் காம்பில் அழுத்தித் திருகுவார். மொட்டு சட்டைப் பைக்குள் போகும். கீழே போடமாட்டார். கீழே கிடந்தால் மாடியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குப் பட்டுவிடும். ஒரு கிளையையும் விடாமல் முடித்த பிறகு, முதலிலிருந்து இன்னொரு தடவை தடவிப் பார்ப்பார். இடது கட்டைவிரல் நகத்தில் ஏறிய பச்சை எந்தச் சோப்புக்கும் போவதில்லை.

ரோஜா வளர்க்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். மொட்டு வந்துவிடப் போகிறதே என்று பயந்து பயந்து வளர்த்தவர் அவர் ஒருவர்தான்.

கொஞ்ச நேரத்தில் மேலே பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் நகரும். அதற்குள் அவர் பூவாளியோடு எழுந்து நின்றிருப்பார்.

"என்ன தம்பி, மொட்டு வந்துருக்கா?"

"வருதும்மா. நிதானமா வருது."

"நிதானமாவே வரட்டும். யாரு துரத்துறா."

சட்டைப் பையில் மொட்டுகள் கனமில்லாமல் கனக்கும்.

தெருவில் அவருக்குப் பெயர் பல்செட். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, அக்ரிலிக்கில் வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. எந்த வாய்க்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தங்கள் வாயில் இருப்பது யார் கட்டியது என்று போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது. "பாத்தா தெரியக் கூடாது, அவ்வளவுதான் நம்ம தொழில்," என்று யாராவது கேட்டால் சொல்வார். கேட்பவர்கள் குறைவு.

கீழ்வீட்டின் முன்னறைதான் பட்டறை. தேய்க்கிற மோட்டார் நாள் முழுக்கக் கொசு மாதிரி கத்தும். அக்ரிலிக் திரவத்தின் நெடி திரைச்சீலையில் ஏறி, சோற்றில் ஏறி, மனைவியின் தலைமுடி வரைக்கும் ஏறியிருந்தது. பிளாஸ்டர் கழுவிய தண்ணீர் சாக்கடைக் குழாயில் இறங்கிக் கல்லாகிவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது குழாயை அவரே உடைத்து மாற்றுவார். இதையெல்லாம் சகித்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்காரர் இடம் கொடுப்பார் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணமும் இருந்தது. இங்கே வருவதற்கு முன்னால் வீடு தேடி அலைந்திருக்கிறார். ஒருவர், பல் என்று கேட்டதுமே தன் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் மோட்டார் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டச் சொல்லி, இவர் செய்து காட்டியதும் கதவைச் சாத்தினார். ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்தி, "செத்தவங்க பல்லா?" என்று கேட்டாள். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளான மாடியம்மாவின் கணவர் ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர். மறுவாரமே தன் கடைவாய்ப் பல்லைக் காட்டி, "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று வந்து நின்றார்.

அந்தக் கணவர் வைத்ததுதான் ரோஜாச் செடி. பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் இடம். அதில் அது ஒன்றே ஒன்று. "ஹைபிரிட் டீ" என்று ரகத்தின் பெயரை அவர் சொல்லும்போது நல்ல குடும்பத்துப் பெண் என்று சொல்வதுபோல இருக்கும். "டீயா? அப்ப ஒரு டம்ளர் போட்டுத் தாங்க," என்பாள் பல்செட்டின் மனைவி, சமையலறைக்குள் இருந்துகொண்டே, அவருக்குக் கேட்காதபடி.

கேலி செய்தாலும் பூ வரும்போது அவளும் வந்து நிற்பாள். அப்படிப்பட்ட பூ. நீளமான நிமிர்ந்த காம்பு, அதன் தலையில் ஒன்றே ஒன்று. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஆறிய பாலின் ஆடை நிறம். இதழின் விளிம்பில் மட்டும், யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு சிவப்பு. முதல் நாள் கூம்பாக நிற்கும். இரண்டாம் நாள் வெளியிதழ்கள் பின்னால் மடிந்து விரியும். அடுத்த நாள் நடு தெரியும்படி திறந்து, பிறகு மெல்ல இதழ் இதழாக உதிரும். வாசனை சமையலறை ஜன்னல் வரைக்கும் வரும். அந்த வீட்டில் அக்ரிலிக் நெடியை ஜெயித்த ஒரே பொருள் அதுதான்.

பூவைப் பறிக்கக் கூடாது என்பது அந்த மனிதர் வைத்த சட்டம். செடியிலேயே உதிர வேண்டும். ஒரு காம்புக்கு ஒரு பூ, பக்கத்தில் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அவர் இறந்த பிறகு சட்டங்கள் பால்கனியிலிருந்து வந்தன. மாடியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. படி இறங்குவது நின்று வெகுநாளாகிவிட்டது. ஒரு கயிற்றுக் கூடைதான் அவளுக்கும் தரைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. பேப்பர், மாத்திரை, காய்கறி எல்லாம் அதில் ஏறும். ஒருநாள் அதில் கிளை நறுக்குகிற கவாத்துக் கத்தரி இறங்கியது. "இனிமே நீங்கதான் தம்பி," என்றாள் மேலேயிருந்து. அன்றிலிருந்து செடி அவருடையதாயிற்று.

உண்மையில் அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்காக உட்கார்ந்திருப்பவருக்கு, பதில் பேசாத ஒன்றின் முன்னால் பத்து நிமிஷம் குந்தியிருப்பது பெரிய விஷயம். கவாத்து செய்தால் ஆறேழு வாரத்தில் அடுத்த பூ. அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

கணவர் போன மறுவருடம் மகன் வந்தான். வேறு ஊரில் பாங்க் உத்தியோகம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவது அவன் திட்டம். பல்செட் கீழே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மேலே பேசுவது அப்படியே விழுந்தது.

"அங்க வந்து நான் என்னடா பண்ணுவேன்? ஒரு ரூம்ல உக்கார வெச்சு டிவிய போட்டு விடுவீங்க."

"இங்க மட்டும் என்னம்மா பண்றே? கூடையத்தானே ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கே."

"அது என் கூடை. இதோ பாரு, உங்கப்பா வெச்ச ரோஜா பூக்கிற வரைக்கும் இந்த வீட்டுமேல கை வெக்காதே. அது பட்டுப்போச்சுன்னா அப்புறம் உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கீழே நின்றவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பூவாளியில் இருந்த மிச்சத் தண்ணீரையும் செடிக்கே ஊற்றினார்.

அடுத்த மழைக்காலத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பெருங்காற்று அடித்த ஒரு நாள், பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து வந்து செடிமேல் விழுந்தது. தரைக்குச் சற்று மேலே, ஒட்டுக் கட்டிய முடிச்சில், தண்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நர்சரிக்கு ஓடியிருப்பார்கள். அவர் பட்டறைக்கு ஓடினார். பிளவைச் சேர்த்து நூலால் கட்டினார். தண்ணீர் பாட்டிலின் நடுப்பகுதியை வெட்டிச் சுற்றிலும் அணைகட்டினார். பல்லச்சில் ஊற்றுகிற மஞ்சள் பிளாஸ்டரைக் கெட்டியாகக் குழைத்துக் குமிழி வராமல் தட்டித் தட்டி ஊற்றினார். எலும்பு முறிந்த காலுக்குப் போட்டதுபோல ஒரு கட்டு. இறுகிய பிறகு ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாகவும் தேய்த்தார்.

"செடிக்குப் பல்செட்டா?" என்றாள் மனைவி.

"பாத்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தது. ஒன்றல்ல, கட்டுக்கடங்காமல். இவ்வளவு வேகமாக அந்தச் செடி என்றைக்கும் வளர்ந்ததில்லை. மேலே பழைய கிளைகள் வாடின. பழசு போய்ப் புதுசு வருகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். "பொழச்சுக்கிச்சும்மா," என்று மேலே பார்த்துச் சொன்னார்.

ஒரு விடியற்காலையில் புதுக் கிளை ஒன்று பூத்திருந்தது. ஒரு காம்பில் ஒரு கொத்து. பொத்தான் அளவு, வெள்ளை, ஐந்தே இதழ். பார்த்துக்கொண்டே நின்றவர், மேலே தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கொத்தோடு பிடுங்கிப் பைக்குள் திணித்தார். முள் கிழித்துச் சட்டையில் ரத்தம் கசிந்தது.

பட்டறை உளியை வைத்துப் பிளாஸ்டரை உடைத்தார். உள்ளே ஈரம் போகாமல் அடைபட்டு, ஒட்டு முடிச்சு கருப்பாக அழுகியிருந்தது. அந்த வாடை அவருக்குத் தெரியும். டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளில் சிலவற்றில் வரும்.

பிடுங்கிய கொத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பூக்கடைக்குப் போனார். கடைக்காரன் இளவயது, அவன் அப்பா நர்சரி வைத்திருந்தார். ஒரு பார்வைதான் பார்த்தான்.

"இது அடிச்செடி சார். மேல ஒட்டுனது செத்துப்போச்சு. கீழ இருக்கிறது மட்டும் உசிரோட இருக்கு. இது வேலி ஓரத்துல சும்மாவே வளரும்."

"திரும்ப ஒட்ட முடியாதா?"

"ஒட்டலாமே. பழைய செடியோட கண்ணு ஒண்ணு வேணும். பச்சையா இருக்கா?"

இருக்கவில்லை. ஒரு அரிசி அளவுக் கணு போதுமாம். அது கூட இல்லாமல் அவர்தான் பிளாஸ்டர் பூசிப் பொதிந்துவிட்டார்.

"அதே ரகம் எங்கயாச்சும் கிடைக்குமா?"

"இது ரொம்பப் பழசு சார். இப்ப யாரும் வெக்கிறதில்லை. பொக்கேவுக்குன்னு இதுக்குக் கிட்டத்துல ஒண்ணு வரும், க்ரீம் கலரு. ஓரத்துல சிவப்பு இருக்காது. நேத்து ஒரு மேடை அலங்காரத்துல மிஞ்சினது ஒண்ணு கிடக்கு, வேணுமா? மத்தபடி நான் எடுக்கிறதே இல்லை. செவப்பைத் தவிர இங்க ஒண்ணும் ஓடாது."

வேணும் என்றார். ஏன் வேண்டும் என்று அப்போது அவருக்கே முழுசாகத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்துவந்த பாதி வழியில் தெரிந்தது.

இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது அவருக்குக் கைவந்த தொழில். கழற்றி மாட்டுகிற பல்லுக்குக் கொக்கி வளைக்கிற மெல்லிய கம்பியால் பூக்காம்பை நல்ல கிளையோடு சேர்த்தார். சேர்ந்த இடத்தில் பச்சைச் சாயம் கலந்த மெழுகை உருக்கித் தடவி, மேலே இரண்டு இலையைச் சாய்த்து மறைத்தார். காம்பின் அடியில் ஈரப் பஞ்சு. விளிம்புச் சிவப்புதான் தகராறு செய்தது. முதலில் ஈறுக்குப் பூசுகிற சாயத்தைத் தொட்டுப் பார்த்தார். இதழ் பொசுங்கிப் போயிற்று. கடைசியில் மனைவி பீட்ரூட் துருவிப் பிழிந்து கொடுத்தாள். பீங்கான் பல்லில் நிழல் தீட்டுகிற ஒற்றை முடித் தூரிகையால் இதழ் இதழாக விளிம்பு வரைந்தார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் வரைய வேண்டியிருந்தது.

விடிந்ததும் பால்கனிக் கதவு திறந்தது. நாற்காலியைக் கம்பியருகே இழுக்கிற சத்தம் கேட்டது.

"பூத்துருச்சே தம்பி."

"ஆமாம்மா."

"அவரு இருந்தா சந்தோஷப்பட்டுருப்பாரு."

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டு ஆடியது. "உங்க பல்லு நிஜம்தானே, ஏன் ஆடுது?" என்றாள் மனைவி. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, இதை ஒரு தடவையோடு நிறுத்த முடியாது என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

நான்காம் நாள் பூ உதிர வேண்டும். கடைப்பூ உதிரவில்லை. கழுத்து வளைந்து, பாதி திறந்தபடியே பழுப்பேறியது. விடிவதற்குள் அதைக் கழற்றி, இதழ்களைப் பிய்த்து, உதிர்ந்தால் எப்படிக் கிடக்குமோ அப்படிச் செடியடியில் தூவினார். தூவிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஒழுங்காக விழுந்துவிட்டதாகத் தோன்றி, காலால் கொஞ்சம் கலைத்தார்.

அந்த வாரமே கூடையில் ஒரு கைக்குட்டை மூட்டை இறங்கியது. மாடியம்மாவின் கீழ்ப் பல்செட் உறுத்துகிறதாம். அவர் கட்டியதுதான். உரசுகிற இடத்தைத் தேய்த்து, கையில் கிடைத்த ஒரு கவரில் போட்டு, பொருத்திப் பார்ப்பதற்காக அவரே மாடிக்கு எடுத்துப் போனார். பல் இல்லாத முகத்தோடு அவள் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் செடி உள்ளங்கையில் இருப்பதுபோலத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பல்லைக் கவரோடு நீட்டினார்.

பல்லை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கடித்துப் பார்த்தாள்.

"நல்லா உக்காந்துருச்சு. சில நாளைக்கு இது பொய்ப் பல்லுங்கிறதே எனக்கு மறந்துபோவுது தம்பி."

"அப்படித்தாம்மா இருக்கணும்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"போட்டுக்கிறவங்களுக்குத் தெரியும்ல, அது போதும்." கவரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு இதழெல்லாம் உதுந்துருச்சு போலிருக்கு."

"ஆமாம்மா."

"அடுத்த கவாத்து எப்ப?"

கவாத்து செய்தார். கவாத்து செய்தால் அடிச்செடி இன்னும் மூர்க்கமாகத் துளிர்த்தது. ஆறேழு வாரக் கணக்கு நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் கெட்டது. கடையில் அந்தப் பூ இருக்குமோ இருக்காதோ. ஆனால் போனபோது வாளியில் க்ரீம் நிறம் ஒரு கட்டு நின்றது.

"எடுக்கிறதில்லைன்னு சொன்னீங்க?"

"இப்ப நிலையா ஒரு ஆர்டர் வந்துருக்கு சார். உங்களுக்கு ஒண்ணு வேணும்னா எடுத்துக்கங்க."

அந்த ஆர்டர் கொடுத்த புண்ணியவானை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பழைய செடி இருந்தவரை அது அவர் வாழ்க்கையில் ஒரு மூலை. செத்த பிறகு அதுவே வாழ்க்கையாகிப் போனது. தினமும் விடிவதற்குள் அடிச்செடியின் மொட்டுகளைக் கிள்ளியாக வேண்டும், ஒன்று தப்பினாலும் வெள்ளைக் கொத்து காட்டிக்கொடுத்துவிடும். பூவை வெயில் ஏறுவதற்குள் மாட்டியாக வேண்டும். மனைவியின் தங்கை புது வீடு கட்டிக் குடிபோனாள். மனைவி மட்டும் போய்வந்தாள். நகரத்திலிருந்து ஒரு பெரிய லேப், மேற்பார்வை வேலைக்கு வருகிறீர்களா என்று ஆளனுப்பியது. "இப்ப முடியாதுங்க," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுல ஒரு செடி இருக்கு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். வந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

"ஒரு செடிக்கு ரெண்டு பேரு காவல்," என்றாள் மனைவி. "ஜெயிலுக்குள்ளயாவது மாத்தி மாத்தி டியூட்டி போடுவாங்க."

"சொல்லிடலாமா அவங்ககிட்ட?"

"சொல்லுங்க. சொல்லிட்டு மோட்டாரைத் தலைல தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுக்குப் போறதுன்னும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. பல தடவை பால்கனிக்குக் கீழே நின்று தொண்டையைக் கனைத்திருக்கிறார். மேலேயிருந்து, "என்ன தம்பி, சளியா?" என்று வரும். "ஒண்ணுமில்லைம்மா."

தள்ளுவண்டிக்காரனிடம் மனைவி காய் வாங்கும்போதும் மேலேயிருந்து குரல் வரும். "என்னம்மா, மறுபடியும் பீட்ரூட்டா?"

"ரத்தம் ஊறுமாம்மா."

"ஊறட்டும், ஊறட்டும்."

ஒருநாள் பூ மாட்டியிருக்கும்போது தூறல் போட்டது. அவர் பட்டறையில் இருந்தார். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப் பார்த்தபோது விளிம்புச் சிவப்பு கரைந்து இலைமேல் இளஞ்சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். பால்கனியில் நாற்காலி காலியாக இருந்தது. கையிலிருந்த பஞ்சால் இலைகளைத் துடைத்துவிட்டு, மதிலில் சாய்ந்து அப்படியே நனைந்துகொண்டு நின்றார்.

மகன் மறுபடி வந்தான். இந்த முறை கூடவே ஒருவர் வந்தார். கையில் டேப் வைத்துக்கொண்டு மதிலின் நீளத்தை அளந்துகொண்டே போனார். பேச்சுக்கு இடமில்லாதபடி எல்லாம் முடிவானதுபோல இருந்தது அவர் நடை. மகன் பின்பக்கம் வந்தான். அன்றைக்குக் காலையில் மாட்டிய பூ தலை நிமிர்ந்து நின்றது. பல்செட் கையில் பிளாஸ்டர் மாவோடு பின்கதவில் நின்றார்.

"இன்னும் பூக்குதே," என்றான் மகன். குரலில் எரிச்சலும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. போனில் ஒரு படம் எடுத்தான். பிறகு குனிந்து மூக்கைக் கொண்டுபோனான். பூவுக்கும் மூக்குக்கும் நடுவே விரல்கடை தூரம். மெழுகு வைத்த இடத்தில் வெயில் பட்டு மினுங்கியதை அவர் பார்த்தார்.

"வாசனையே இல்லையே சார். சின்ன வயசுல வீடே மணக்கும்."

அவர் வாயைத் திறந்தார்.

"உனக்கு ஜலதோஷம்டா," என்றது மேலேயிருந்து குரல். "காலைலேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருக்கே, வாசனை எங்கேர்ந்து வரும்?"

"எனக்கு ஒண்ணும் ஜலதோஷம் இல்லைம்மா."

"கையை எடு. உங்கப்பா வெச்ச பூவை யாரும் தொடக் கூடாது. மேல வா, கஷாயம் போட்டுத் தரேன்."

மகன் கையை எடுத்துக்கொண்டான். டேப்காரர் டேப்பைச் சுருட்டினார். அன்று மாலை இருவரும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள்.

"தப்பிச்சோம்," என்று வாசல்படியில் உட்கார்ந்தார் பல்செட்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க தப்பிச்சோம்? இன்னும் நல்லா மாட்டிக்கிட்டோம்."

அவள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு எத்தனை பூ மாட்டினார் என்று அவர் கணக்கு வைக்கவில்லை. மனது பழகிவிட்டது, பழகியதுதான் அதில் மோசமான பகுதி. சில காலைகளில் மொட்டுகளைக் கிள்ளும்போது இந்தச் செடிமேல் பரிதாபமாக இருக்கும். பூக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்படுகிறது. தன் பூவைப் பூக்க விடாமல், இன்னொருத்தி பூவைத் தலையில் சுமக்க வைத்து, அதற்குத் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினார். மாடியம்மா குளியலறையில் கிடந்தாள். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்துவிட்டு, மகன் வீட்டுக்கே நேராக அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. போவதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, கார் வாசலில் வந்து நின்றது. அவளால் இறங்க முடியாது. கண்ணாடியை இறக்கிக் கைநீட்டினாள். பல்செட் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உறுத்தலை," என்றாள் அவள். "செடியில மொட்டெல்லாம் இனிமே கிள்ள வேணாம் தம்பி. வர்றது வரட்டும்."

பக்க மொட்டுகளைத்தான் சொல்கிறாள் என்று அவர் தலையாட்டினார். மகன் முன்சீட்டிலிருந்து திரும்பி, வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும், அவசரமில்லை, என்று மரியாதையாகவே சொன்னான். கார் போயிற்று. பால்கனியில் கூடை காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அது நடந்தேவிட்டது. நடந்தபிறகு அது அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருந்ததுதான் அவரை உலுக்கியது. லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சந்தில், முதல் நாள் கேட்ட முதல் இடமே கிடைத்தது. மோட்டார் சத்தம் போடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இடத்துக்காரர், "என்னது?" என்று காதருகே கையை வைத்துக் கேட்டார். பக்கத்துப் பட்டறையில் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே இரண்டு அறை, குடியிருக்கவும் ஆயிற்று.

"இந்த இடம் அப்பவும் இங்கதான் இருந்துருக்கும்," என்றாள் மனைவி.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அவர் மொட்டைக் கிள்ளவில்லை. அடிச்செடி கொஞ்ச நாள் நம்பாததுபோல இருந்தது. பிறகு ஒரு காலையில் பின்கதவைச் சத்தத்தோடு திறந்தபோது மதிலே தெரியவில்லை. கொத்துக் கொத்தாக, ஒரு காம்புக்கு இருபது முப்பது என்று, ஐந்து இதழ் வெள்ளைப் பூ. தேனீக்கள் இரைந்தன. வாசனையும் இருந்தது, பழைய பூவினுடையது அல்ல, லேசாக வேறொன்று. மனைவி இரண்டு டம்ளரில் டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள். குடித்து முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற வழியில் பூக்கடையில் நின்றார். இனிமேல் தனக்கு க்ரீம் பூ வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்று பட்டது.

"தெரியும் சார்," என்றான் கடைக்காரன், ஈரத் துணியால் வாளியைத் துடைத்துக்கொண்டே. "ஆர்டரை நிறுத்தச் சொல்லி அவங்க ஆஸ்பத்திரியிலேர்ந்தே போன் பண்ணிட்டாங்க."

"எவங்க?"

"உங்க மாடியம்மா. மொதத் தடவை நீங்க பூ வாங்கிட்டுப் போன மறுவாரமே கூப்பிட்டாங்க. ஏதோ கவர்ல நம்ம கடை நம்பர் இருந்துச்சாம். ஆறேழு வாரத்துக்கு ஒரு கட்டு க்ரீம் எடுத்து வெய்யி, உங்கிட்ட ஒரு பல்செட்காரர் வருவாரு, கேட்டா இல்லைன்னு சொல்லிடாதேன்னாங்க. இத்தனை நாள்ல அவங்க வீட்டுக்குன்னு நான் ஒரு பூ கொண்டுபோய்க் குடுத்ததில்லை சார். நீங்க கொண்டுபோனதுதான்."

அவர் வாளியைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு தடவை மழை பேஞ்ச மறுநாளும் கூப்பிட்டாங்க. ஓரத்துல சிவப்பு இருக்கிறது எங்கயாச்சும் கிடைச்சா வாங்கி வெய்யிப்பா, பாவம், அந்த மனுஷன் பீட்ரூட்டோட படாத பாடு படுறாருன்னாங்க. நானும் தேடித்தான் பாத்தேன், கிடைக்கலை."